கொழுந்துக் கூடையும் வெள்ளைக் கோட்டும்

(நூற்றாண்டு நிகழ்வுகளை முன்னிட்டு ரிவர்ஸ்டனில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், வைத்தியரான பழைய மாணவி ஒருவர் தம் வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)

 

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ஏறி வந்தபோது தேயிலை மலைகளைக் கண்டோம். இங்கே உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரத்தைக் காண்கிறோம். மலையில் பெண்கள் உழைக்கிறார்கள். இத்தகைய கோபுரங்கள் வழியே பெண்களைப் பற்றிய படங்கள் வீடு வீடாகப் போகின்றன. அந்த உழைப்புக்கும் அந்தப் படங்களுக்கும் உள்ள உறவைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இலங்கைப் பெண் என்றதும் உலகம் அதிகம் கண்ட படம் எது? தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கூடையோடு சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண். அவளுடைய பொறுமையையும் மென்மையான விரல்களையும் புகழாதவர் இல்லை. ஆனால் ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவளுக்கு 1984இல்தான் கிடைத்தது. 1931இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்த நாடு இது. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரைக் கண்ட நாடும் இதுவே. அதன் பின்னும் அவள் 24 ஆண்டுகள் காத்திருந்தாள்.

ஏன் இந்தத் தாமதம்? 'பெண்ணின் கைக்கு இயல்பாக வரும் வேலை' என்று சொல்லிவிட்டால், அது திறமையாகக் கணக்கில் வராது. திறமையாக எண்ணாத வேலைக்குக் கூலியும் குறைவு. புகழ்ச்சியே சம்பளத்தைக் குறைக்கும் விதம் இது. சம்பளம் சமமான பின்னும், பல தோட்டங்களில் ஆண்களின் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிட, பெண்கள் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை மலையில் நிற்கிறார்கள். நிறுப்பவரும் மேற்பார்ப்பவரும் பெரும்பாலும் ஆண்களே. லயத்துக்குத் திரும்பினால் அடுப்பு காத்திருக்கும். இவை எவையும் தேயிலைப் பெட்டியில் அச்சாவதில்லை.

படித்துப் பதவிக்கு வந்தால் இது தீர்ந்துவிடுமா? சிறிமாவோ பண்டாரநாயக்கவையே 'அழும் விதவை' என்று ஏளனம் செய்தார்கள். மனைவியை இழந்த ஆண் அரசியல்வாதியை எவரும் அப்படி அழைத்ததில்லை. வைத்தியர்களான எமக்கும் இது பழகிய கதை. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக வார்டில் நின்றாலும், "மிஸ்ஸி, டொக்டர் எப்ப வருவார்?" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் ஆண் தாதியை "டொக்டர்" என்பார்கள். மிஸ்ஸி என்று அழைக்கப்படுவது இழிவல்ல. தாதியர் இன்றி வைத்தியசாலை ஒரு நாளும் ஓடாது. ஆளைப் பார்க்குமுன் பாலைப் பார்த்து வேலையைத் தீர்மானிப்பதே பிழை.

இன்று எமது பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவிகளே அதிகம். ஆயினும் நாட்டின் தொழிற்படையில் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே இருக்கிறார்கள். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேர். பட்டத்துக்கும் தொழிலுக்கும் இடையில் எத்தனை பெண்கள் நின்றுவிடுகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பராமரிப்பு, இரவுப் பயணம், 'உனக்கு ஏன் இந்த வேலை' என்ற கேள்வி எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். எமது அங்கத்தவர் பட்டியலில் ஒவ்வொருவரின் சொந்தப் பெயரோடு அவர் செய்த தொழிலும் எழுதப்படட்டும். கணவரின் பெயர் மட்டும் போதாது. தொழில் வழிகாட்டல் நாளில் பொறியியலாளரும் சாரதியும் தோட்ட வெளிக்கள உத்தியோகத்தரும் பெண்களாகவே வந்து பேசட்டும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு புலமைப்பரிசில் தொடங்கப்படட்டும்.

தங்கைமாரே, உங்களை ஒருவர் பொறுமைசாலி, மென்மையானவள் என்று புகழ்ந்தால் நன்றி சொல்லுங்கள். அடுத்த கேள்வியாக, சம்பளம் எவ்வளவு, பதவி எது என்று கேளுங்கள்.