ஒருத்தி கத்துக்கிட்டா ஊருக்கு ஆகணும்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

வீட்டு வேலை, காட்டு வேலையை முடிச்சு, பஸ் ஏறி வந்திருக்கீங்க. அதனால சுருக்கமா பேசுறேன்.

சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனா பிளஸ் டூ முடிச்ச நம்ம பெண்ணுக்கு அடுத்து என்னன்னு கேட்டா, பல வீட்டில் ரெண்டே பதில்தான். "மில்லுக்கு அனுப்பலாம்", இல்லேன்னா "மாப்பிள்ளை பார்க்கலாம்." மில் வேலையைக் குறைச்சு சொல்லலை. வேற என்ன வழி இருக்குன்னு விசாரிக்காமலே முடிவு செய்றோமே, அதைத்தான் சொல்றேன்.

சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமம் கஸ்தூர்பா மருத்துவமனை உங்களுக்குத் தெரியும். அதுக்கு வித்திட்டவர் டாக்டர் சௌந்திரம் அம்மா. 1904-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண் மூலையில் உட்காரணும்னு சொன்ன காலம் அது. பெற்றோர் அவரைப் படிக்க வைத்தார்கள். டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து, 1936-ல் டாக்டர் ஆனார். அப்போது வயது 32! கூடப் படித்த தோழி சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. 1947-ல் காந்திகிராமம் உருவானது. கிராமப் பெண்களுக்கு அங்கே கிராம சேவிகா பயிற்சி கொடுத்தார்கள்.

அந்த அம்மா கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களில் ஒருவர்தான் நம்ம மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். நிலமில்லாத தலித் குடும்பம். தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சௌந்திரம் அம்மாவின் உதவியோடு படித்துப் பட்டம் பெற்றார். 1968-ல் கீழவெண்மணிக் கொடுமை நடந்த பிறகு கீழத்தஞ்சைக்குப் போய், 1981-ல் கணவரோடு சேர்ந்து 'லாப்டி' இயக்கத்தைத் தொடங்கினார். நிலச் சொந்தக்காரர்களிடம் விலை பேசி, பேங்க் கடன் வாங்கி, கூலிக்காரப் பெண்கள் பெயரில் நிலத்தைப் பதிவு செய்து கொடுத்தார். 2020-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

இதில் நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு. ஏழைக்கு உதவ நல்ல மனசு மட்டும் போதாது. விலை பேசத் தெரியணும், பத்திரம் படிக்கத் தெரியணும், பேங்க் நடைமுறை தெரியணும். அந்தத் திறமையைக் கத்துக்க, முதலில் ஒருத்தர் வழிகாட்டணும்.

அந்த வழிகாட்டுற வேலையை நம்ம குழுக்கள் செய்யலாமே!

* அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தனி நோட்டுப் போடுங்க. ஒவ்வொரு உறுப்பினருக்கும், அவர் மகளுக்கும் என்ன தெரியும், என்ன கத்துக்க ஆசைன்னு எழுதுங்க.

* நர்ஸ், டீச்சர், வி.ஏ.ஓ., கால்நடை டாக்டர் என்று ஊரில் வேலையில் இருக்கிறவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. என்ன படித்தார், எவ்வளவு செலவானது, எப்படி மனு போட்டார்னு நம்ம பிள்ளைகள் நேரில் கேட்கட்டும்.

* ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிங்க. பேங்க் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல், ஆடு மாடு வளர்ப்பு போன்ற தொழில்கள் கத்துக் கொடுக்கிறார்கள். பயிற்சியும் சாப்பாடும் இலவசம். பயிற்சி முடிந்ததும் கடன் வாங்கவும் வழிகாட்டுவார்கள்.

* பயிற்சிக்குப் போறவளைத் தனியா அனுப்பாதீங்க. அவ பிள்ளையைப் பார்த்துக்கிறது, மாட்டுக்குத் தண்ணி காட்டுறது எல்லாம் குழு முறை போட்டுச் செய்யட்டும். பாதியில் நின்று போகிற பல பேர் இதனாலதான் நிற்கிறார்கள்.

"எனக்கு வயசாச்சு, இனிமேலா?" என்று சில அக்காமார் நினைப்பீங்க. 32 வயதில் டாக்டரான அம்மாவை நினைச்சுக்குங்க.

கத்துக்கிட்டவ ஒவ்வொருத்தியும் இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கணும். இதை இன்றைக்கே தீர்மானமா நிறைவேற்றி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.