சான்றோர் கடன்



வாங்கிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் 'கடன்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழ். முன்னதை முறைமன்றம் கேட்டுப் பெறும்; பின்னதை மானம் ஒன்றே கேட்கும்.

ஆடலூர் அமைந்த இப்பழனி மலைநாட்டை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளல், மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அவளுக்காகப் பேசுமாறு எச்சட்டமும் புலவரைப் பணிக்கவில்லை. எனினும் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. பரணரும் அரிசில்கிழாரும் பொருளை வேண்டாது, அவன் அவளிடம் திரும்புவதையே பரிசிலாகக் கேட்டனர்.

புரவலன் சினந்தால் இழப்பு புலவர்க்கே. உண்ட சோற்றுக்குப் புகழ்பாடுதல் எளிது. ஈந்தவன் முகம்நோக்கி அவன் குறையை உரைப்பதே உண்மையான செய்ந்நன்றி.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்திலும் மேடை தந்தவர் பலர். அவர் குறையுரைக்க நம் நா எழுந்ததுண்டா? அக்கடன் நம்மிடம் நிலுவையில் உள்ளது.