வீடு நமது, விதி ஊரினது

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வந்தாரை வரவேற்றல் நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமன்று. திண்ணையையும் தலைவாசலையும் நம் முன்னோர் தமக்காக மட்டும் அமைத்தாரல்லர். ஆயினும், விருந்தோம்பல் வருவாய்க்குரிய தொழிலாக மாறும்பொழுது அதனுடன் சில கடமைகளும் வந்து சேர்கின்றன. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

2014 இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் புலம்பெயர்ந்த உறவினர் திரள்திரளாக வருகின்றனர். மறுபுறத்தே, கடல் கடந்து வாழ்வோரின் வீடுகள் பல இங்கே பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை நாட்கணக்கில் வாடகைக்கு விடுவதிற் குற்றம் யாது? ஒன்றுமில்லை. ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஆசிரியருக்கும், வெங்காய விலை விழுந்த ஆண்டிற் கடன்பட்ட தோட்டக்காரருக்கும் அது நல்ல துணையே. ஆனால், “என் வீடு, என் விருப்பம்” என்று சொல்லி எவரிடமும் கேளாமற் கதவைத் திறந்துவிடுவது முறையன்று.

சட்டம் சொல்வதென்ன? 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, பயணிகளுக்குத் தங்குமிடம் கொடுப்போரைப் பதிவு செய்து அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. வீட்டுக்காரர் தாமும் குடியிருந்துகொண்டு அறை கொடுப்பது ஒரு வகை. முழு வீட்டையும் வாடகைக்கு ஒப்படைப்பது வேறொரு வகை. அற்றோணித் தத்துவம் பெற்று, கனடாவிலுள்ள தமையனாரின் வீட்டைப் பராமரிப்பவர் இவ்வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். அதற்கப்பால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இருக்கின்றது. உபவிதிகளை ஆக்கவும், அனுமதிப்பத்திரம் வழங்கவும் அச்சட்டம் பிரதேச சபைக்கு அதிகாரம் தருகின்றது. ஆகவே கொழும்பிற் பதிந்துவிட்டோம் என்று உள்ளூர்ச் சபையை மறந்துவிடலாகாது.

இவ்விதிகள் வெறுங் கடதாசித் தொல்லை என்று சிலர் கூறுவர். கமக்காரப் பெருமக்களே, உங்கள் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் நம் குடாநாட்டில் இல்லை. சுண்ணக்கற் பாறையினுள்ளே தங்கிய மழைநீரே நமது குடிநீரும் தோட்டநீரும். அப்பாறையின் வெடிப்புகளினூடே நீர் எளிதிற் கீழிறங்கும். அழுக்கும் அவ்வாறே இறங்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு வகுத்த எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை கண்டுள்ளனர். நாம் இடும் உரமும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அதற்குக் காரணங்கள். நால்வருக்கென வெட்டிய குழியைப் பன்னிருவர் பயன்படுத்தினால், கேடு வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றுக்குமன்றோ செல்லும்? பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளப்பது அயலவரின் குடிநீரைக் காப்பதற்காகவே.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் பிற நாடுகளிலும் இதே பாடத்தைக் காணலாம். இலண்டனிற் குடியிருப்பு வீடொன்றை, திட்டமிடல் அனுமதியின்றி, ஓராண்டில் 90 இரவுகளுக்கு மேற் குறுங்கால வாடகைக்கு விடலாகாது; 2015 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த எல்லை அது. ஊரவர் குடியிருக்க வேண்டிய வீடுகள் யாவும் பயணிகள் விடுதிகளாகிவிடக் கூடாதென்பதே அதன் நோக்கம். கனடாவின் மொன்றியல் நகரில் நிகழ்ந்ததோ பெருந்துயரம். 2023 மார்ச் 16 அன்று பழைய நகர்ப் பகுதியிற் கட்டடமொன்று தீப்பற்றி எழுவர் மாண்டனர். மாண்டோருட் சிலர் குறுங்கால வாடகைக்கு வந்து தங்கியோர். அப்பகுதியில் அத்தகைய வாடகைக்கு அனுமதியே இருக்கவில்லை. அதன் பின்னரே, பதிவிலக்கமில்லாத வீடுகளை இணையத்தளங்கள் விளம்பரப்படுத்தலாகாதெனக் கியூபெக் மாகாணம் அவ்வாண்டு ஜூன் மாதத்திற் சட்டமியற்றியது. உயிர்கள் போனபின் வந்த விழிப்பு அது. நாமும் அத்தகைய நாளொன்றுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

விதியைக் கைக்கொள்ளுமாறு மக்களைக் கேட்கும் நான், சபைகளையும் ஒன்று கேட்கின்றேன். நமது உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சிற் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 ஆந் தேதித் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகளின்றி இருந்தன. இன்று அவை மீண்டும் நமது கையில் உள்ளன. ஆகவே, வீட்டை வாடகைக்கு விடுவோர் பெறவேண்டிய அனுமதிகள் எவை, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாட்களில் விடை கிடைக்கும் என்பவற்றை எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சபை வாசலிலும் ஒட்டுதல் வேண்டும். இரண்டு அறை கொடுக்கும் விதவைத் தாயையும், இருபது அறை கட்டிய முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. விதி தெளிவாக இல்லாத இடத்திலேதான் இலஞ்சம் புகுகின்றது. ஏழை அஞ்சி ஒதுங்க, செல்வாக்குள்ளவன் துணிந்து மீறுகின்றான்.

அன்பர்களே, சட்டம் படித்தோரும் பொறியியல் அறிந்தோரும் இச்சபையில் இருக்கின்றீர்கள். மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இந்நிலையத்துக்குத் தாருங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். வாடகைக்கு விட எண்ணுவோரே, பதிவை முடித்து, கிணற்றையும் குழியையும் சோதிப்பித்து, அயலவரிடமும் ஒரு சொல் சொல்லி, அதன்பின் விருந்தினரை அழையுங்கள். ஊரை நாமே ஆள வேண்டும் என்று விரும்பும் மக்கள், ஊர்ச்சபை வகுத்த விதியைத் தம் வீட்டு வாசலிலேயே கடைப்பிடித்துக் காட்டுதல் வேண்டும்.