எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ஒரு உருளைக்கிழங்கு ரோஸ்ட்

(நம் சங்கத்தின் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, சீனியர் சிட்டிசன் டெபாசிட், வரி சேமிப்பு என்று ஏதாவது பேசுவேன் என்றுதான் நினைத்திருப்பார். பி.காம். படித்து பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவன் வேறு என்ன பேசப் போகிறான்? "உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுகிறேன்" என்றதும் கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "சரி சார், சாப்பிடவும் கிடைக்குமா?" என்றார். கிடைக்கும். அதோ மூலையில் இருக்கிற ஓ.டி.ஜி.யில் ஒரு தட்டு வெந்துகொண்டிருக்கிறது. வாசனை வரும்போது பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வந்துவிட வேண்டாம். மணி அடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சின்ன வெங்காய சாம்பார், உருளைக்கிழங்கு ரோஸ்ட். கல்யாணமான நாளிலிருந்து இதில் மாற்றம் கிடையாது. என் மனைவி இரும்புச் சட்டியில் எண்ணெயைத் தாராளமாக விட்டு, முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று திருப்பித் திருப்பிப் போடுவாள். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எடுத்தால், அது யாருக்கு என்று எனக்கும் என் மகனுக்கும் சண்டை வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் செய்தாள். என் தட்டுக்கு மட்டும். அவள் தட்டில் வேகவைத்த கிழங்கு இரண்டு, மேலே உப்பும் மிளகுத்தூளும்.

முதல் வாரம் சாப்பிட்டுவிட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டாவது வாரமும் சாப்பிட்டேன். மூன்றாவது வாரம் இறங்கவில்லை. "எனக்கும் வேகவைத்ததே போதும்" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்காக நீங்கள் எதையும் விட வேண்டாம்" என்றாள். அதோடு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் உருளைக்கிழங்கே இல்லாமல் போயிற்று.

பரணில் ஒரு ஓ.டி.ஜி. இருந்தது. மகன் கேக் செய்ய வாங்கிக் கொடுத்தது, அட்டைப்பெட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கினேன். நான் அதுவரை காபிக்குப் பால் காய்ச்சியதோடு சரி. கிழங்கை நறுக்கி, எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு எல்லாவற்றையும் பிசறி, தட்டில் குவியலாகப் போட்டு உள்ளே வைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து எடுத்தால், மேலே மிளகாய்த்தூள் கருகியிருக்கிறது, உள்ளே அரைவேக்காடு, தோல் மட்டும் பழைய பெல்ட் மாதிரி இழுக்கிறது. "பரவாயில்லையே" என்று அவள் சொன்னாள். அந்தப் 'பரவாயில்லை'க்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிற கணவன்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பேங்க் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, கிழங்கு எடை, எண்ணெய், சூடு, நேரம், முடிவு என்று ஆறு பத்தி. பதினோரு பதிவுக்குப் பிறகுதான் கணக்கு டேலி ஆனது. அந்தப் பதினொன்றில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், மொறுமொறுப்பு ஏன் வருவதில்லை? உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். தண்ணீர் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டினால்தான் பொன்னிறம் வரும், மணம் வரும். எண்ணெய்ச் சட்டியில் நாலா பக்கமும் கொதிக்கிற எண்ணெய் சூழ்ந்து அந்தத் தண்ணீரைச் சட்டென்று விரட்டிவிடும். ஓவனில் சூழ்ந்திருப்பது வெறும் காற்று. அது மெதுவாகத்தான் காய வைக்கும். ஆகவே உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே பாதி வேலையை நாம் முடித்துக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்கிற உருளைக்கிழங்கை இப்படித்தான் செய்கிறார்கள். முதலில் தண்ணீரில் வேகவைத்து, பாத்திரத்தோடு குலுக்கி, பிறகு காய்ந்த கொழுப்பில் போட்டு ஓவனில் வைப்பது. அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். அவர்கள் வாத்துக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு போடுகிறார்கள். நமக்குக் கடலை எண்ணெய் போதும்.

அளவு சொல்கிறேன், வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 750 கிராம் கிழங்கு. தோல் சீவி, பெரிய எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்குத் துண்டு போடுங்கள். சின்னதாக நறுக்கினால் குலுக்கும்போது கூழாகிவிடும். 2 லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு, அரை டீஸ்பூன் ஆப்பச் சோடா. தண்ணீர் கொதித்ததும் கிழங்கைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து சுமார் 10 நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. குக்கர் வேண்டாம். ஒரு விசில் கூடிப்போனால் அன்றைக்கு உருளைக்கிழங்கு மசியல்தான்.

சோடா எதற்கு என்று கேட்பீர்கள். புளித்தண்ணீரில் கிழங்கைப் போட்டால் வேகவே வேகாது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கிழங்கு வெந்த பிறகு புளியை விடுவார்கள். காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கிற பசைக்கு பெக்டின் என்று பெயர். புளிப்பு அந்தப் பசையை இறுக்கும். சோடா அதற்கு நேர் எதிர், இளக்கிவிடும். மேல்பரப்பு மட்டும் கரைந்து பஞ்சு மாதிரி ஆகும். அரை டீஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள், சோப்பு வாடை அடிக்கும். என் நோட்டில் ஐந்தாவது பதிவு அதுதான்.

வெந்ததும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் கிழங்கை இரண்டு நிமிடம் மூடாமல் விடுங்கள். ஆவி போகட்டும். அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடி போட்டு, பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். மூலைகள் எல்லாம் உதிர்ந்து, ஒவ்வொரு துண்டின் மேலும் மாவு பூசினாற்போல் ஒரு படலம் வரும். அதுதான் பின்னால் மொறுமொறுப்பாகப் போகிறது. அரிசி மாவு, ரவை, சோள மாவு என்று மேலே தூவச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிழங்கிலேயே மாவு இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும்?

இதற்குள் ஓ.டி.ஜி.யை மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரிகிற மாதிரி வைத்து, 220 டிகிரியில் 15 நிமிடம் காயவிட்டிருக்க வேண்டும். அதோடு வந்த உலோகத் தட்டையே உள்ளே வைத்துச் சூடேற்றுங்கள். இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடான தட்டில் விட்டு, கிழங்கை ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்புங்கள். போடும்போது 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் தட்டு காயவில்லை. நெருக்கமாக அடுக்கினால் ஒன்றின் ஆவியில் மற்றது புழுங்கும். அலுமினியத் தாளால் மூடவே கூடாது. முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், திருப்பவும் செய்யாதீர்கள். அடிப்பக்கம் இறுகினால்தான் தட்டைவிட்டுக் கழன்று வரும். பிறகு தோசைத் திருப்பியால் ஒவ்வொன்றாகப் புரட்டி, இன்னும் 20 முதல் 30 நிமிடம். மிளகாய்த்தூள், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். முதலிலேயே போட்டால் கசக்கும்.

சின்ன உருளைக்கு வேறு வழி. தோலோடு வேகவைத்து, தட்டில் வைத்து, டம்ளரின் அடியால் ஒவ்வொன்றையும் லேசாக அமுக்கித் தட்டையாக்குங்கள். வெடித்த ஓரமெல்லாம் முறுகும். பேரப்பிள்ளைகளுக்கு இந்த அமுக்குகிற வேலையைக் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

இனி கிழங்கு வாங்குவது. வடக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டி எடுக்கிற கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு நமக்கு வருகிறது. மிகவும் குளிரில் வைத்தால் கிழங்கு தன் மாவில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அந்தக் கிழங்கு ஓவனில் உள்ளே வேகும் முன்னாலேயே வெளியே கருத்துவிடும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதே கதைதான். வெறும் கருப்பு மட்டும் அல்ல. மாவுப்பொருளை அதிகச் சூட்டில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை ஏறிய கிழங்கில் அது கூடுதலாக வரும். ஆகவே கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காமல், கூடையில், இருட்டாக, காற்றோட்டமாக வையுங்கள். தட்டிலும் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், காபி நிறம் வரை விடாதீர்கள். பச்சை பாய்ந்த கிழங்கை வாங்கவே வேண்டாம்.

சிப்ஸ் கம்பெனிகளுக்கு இந்தச் சர்க்கரைத் தொல்லை பெரிய தலைவலி. அதற்காகவே சிம்லாவில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் குஃப்ரி சிப்சோனா என்ற ரகத்தைக் கொடுத்தது. சர்க்கரை குறைவு, மாவு அதிகம். நம் தெருக் கடையில் போய் ரகம் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். வெட்டினால் நீர் கோக்காமல், கத்தியில் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் நல்ல கிழங்கு.

இப்போது சங்கம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. என் ஓ.டி.ஜி. 1500 வாட். மிக்ஸி செருகுகிற சின்ன பிளக் பாயின்ட்டில், அடாப்டர் ஒன்றைப் போட்டு அதைச் செருகி வைத்திருந்தேன். அந்தப் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட்தான் தாங்கும். கூட்டல் கழித்தலில் ஆயுளைக் கழித்தவன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. நான் உருளைக்கிழங்கு என்று நினைத்து ஓவனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! மனைவிதான் ஓடிவந்து மெயினை அணைத்தாள். அடாப்டர் உருகி சுவரோடு ஒட்டியிருந்தது. இத்தனை வீடு ஒரே கட்டடத்தில் இருக்கிறது, ஒரு சமையலறையில் பிடித்தால் என்ன ஆகும் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓ.டி.ஜி., கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு எதுவானாலும் 16 ஆம்பியர் பெரிய பாயின்ட்டில் நேராகச் செருகுங்கள். அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடவே கூடாது. உங்கள் சமையலறையில் பெரிய பாயின்ட் இல்லையென்றால், முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அப்புறம் கிழங்கு வாங்குங்கள்.

கரண்ட் செலவைக் கேட்பீர்கள். ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் ஒன்றரை யூனிட். வாரம் ஒரு தடவை என்றால் இரண்டு மாத பில்லில் 13, 14 யூனிட். 500 யூனிட் எல்லையில் நிற்பவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு அரை மேசைக்கரண்டி. சட்டி ரோஸ்டோடு பார்த்தால் இது கொஞ்சம். ஆனால் எண்ணெய் குறைந்ததே தவிர, கிழங்கின் மாவுச்சத்து ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இதய டாக்டரிடம் தட்டைப் போட்டோ எடுத்துக் காட்டிக் கேட்டோம். வாரம் ஒரு நாள், அளவோடு என்றார். சர்க்கரை இருப்பவர்கள் அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினோராவது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு தட்டிலும் ஒரே கிழங்கை வைத்தேன். அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள், சத்தம் கேட்டது. இன்னொன்று எடுத்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரி, காந்தல் இல்லையே" என்றாள். உள்ளே போய் ஓவன் தட்டைப் பார்த்தேன். குலுக்கும்போது உதிர்ந்த தூள் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கி, எண்ணெயில் முறுகி, செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவப் போட இருந்தேன். சுரண்டிக் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்தேன். இத்தனை வருடம் அந்தக் காந்தலை நானும் என் மகனுமே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம், அவளுக்கு அது பிடிக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்குத்தான் அது மிகவும் பிடிக்குமாம்.

மணி அடித்துவிட்டது. தட்டு சூடாக இருக்கும், நானே எடுக்கிறேன். வரிசையாக வாருங்கள், ஆளுக்கு நான்கு துண்டு. ஓரத்தில் ஒட்டியிருப்பதை மட்டும் யாரும் தொட வேண்டாம், அதற்கு மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்திருக்கிறது.