தளர்ந்தவனுக்கு ஒரு கோல்



திருக்குறளின் 42ஆவது அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். கேள்வி என்றதும் வினாத்தாளை நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து சேர்கிறார்கள். இங்கே அது கேட்டல், அதாவது செவி கொடுத்தல். அந்த அதிகாரத்தில் 414, 415 என அடுத்தடுத்து வரும் இரண்டு குறள்களிலும் வள்ளுவர் ஊன்றிக்கொள்வதற்கான துணையைப் பற்றியே பேசுகிறார். கல்லாதவனாயினும் கேட்கட்டும், தளர்ச்சி வந்த வேளையில் அது அவனைத் தாங்கும் என்பது முதற் குறளின் கருத்து. வழுக்கும் நிலத்தில் நடப்பவனுக்குக் கோல் உதவுவதுபோல ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல் உதவும் என்பது மற்றையது. இவற்றைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வருகிறேன். கடந்த ஆண்டில் உண்மையாகவே கோலூன்றி நடக்க நேர்ந்தபோது, அந்த உவமையோடு சில மாதங்கள் கூடவே வாழும் வாய்ப்புக் கிடைத்தது. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

மன்னார் நகரத்துக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் எங்கள் கழுதைகளைத் தெரிந்திருக்கும். அராபிய வணிகர் கொண்டுவந்த கழுதைகளின் வழிவந்தவை அவை என்று ஊரில் சொல்வார்கள். லொறிகள் வந்தபின் சுமக்கப் பாரம் இல்லை. வீதிகளே அவற்றுக்கு வீடு. தை மாதத்து இரவொன்றில், கல்லூரியில் ஒரு கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளில் மெதுவாக வந்துகொண்டிருந்தேன். இருட்டிலிருந்து ஒரு கழுதைக் கூட்டம் எழுந்து குறுக்கே ஓடியது. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர், கழுதைக்கு என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

எலும்பு பொருந்தும் விதம் வியப்புக்குரியது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பின் அங்கே மெதுமையான குருத்தெலும்பு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. வாரங்கள் செல்ல அது கல்லெலும்பாகிறது. ஆயினும், கட்டு அவிழ்த்தவுடன் கால் பழைய கால் ஆகிவிடுவதில்லை. பாரம் தாங்கத் தாங்கத்தான் எலும்பு உரம் பெறும் என்று இயன்மருத்துவர் சொன்னார். நோகும் காலை நிலத்தில் ஊன்றினால்தான் நோவு தீரும். அந்த இடைக்காலத்துக்குத்தான் கோல்.

எனக்குச் சுந்தரர் நினைவுக்கு வந்தார். எங்கள் திருக்கேதீச்சரத்தைப் பாடிய இருவரில் ஒருவர் அவர். திருவொற்றியூரை நீங்கியபோது கண்ணிழந்த அவருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் கொடுத்தது கண்ணை அன்று, ஊன்றுகோலைத்தான் என்கிறது பெரியபுராணம். பின்னர் காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். படிப்பிக்கும்போது இதை ஓர் ஏமாற்றமாகவே சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் வெண்பாக்கத்திலிருந்து காஞ்சி வரை அவரைக் கொண்டுசேர்த்தது அந்தக் கோல் அல்லவா?

ஆசிரியத் தொழில் வாயால் செய்யும் தொழில். காலையில் தொடங்கினால் பாட மணி முடியுமட்டும் நாங்கள் பேசுகிறோம், பிள்ளைகள் கேட்கிறார்கள். கட்டிலில் கிடந்த மாதங்களில் அது தலைகீழாயிற்று.

முதலிலே பறவைகள். ஞாயிறு காலைகளில் தொலைநோக்கியோடு வங்காலைப் பக்கம் போவது என் பொழுதுபோக்கு. 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் ராம்சார் சாசனத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் அது. மாரி காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும். அவ்வாண்டு நான் போகவில்லை. யன்னலால் தெரிந்தது ஒரு வேம்பும் பனைமட்டை வேலியும்தான். ஆகவே காதால் பறவை பார்த்தேன். விடியலில் புலுனிக் கூட்டத்தின் இரைச்சல், மதியத்தில் செண்பகத்தின் ஆழ்ந்த குரல், இருட்டும் நேரம் ஆட்காட்டியின் பதற்றம். மகள் தன் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவுகளைத் தேடிப்பிடித்து, நான் சொன்ன பெயர் சரியா என்று பரீட்சை வைத்தாள். பெரும்பாலும் சித்தியெய்தினேன்.

அடுத்து, மாணவர்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வீட்டு விறாந்தைக்கு வரத் தொடங்கினார்கள். குளிசை மயக்கத்தில் நீண்ட நேரம் விளக்க எனக்கு இயலாது. "நீங்களே வாசித்துப் பொருள் சொல்லுங்கள்" என்றேன். நெய்தல் திணைப் பாட்டொன்றில் கொண்டல் வந்தது. கொண்டல் கீழ்காற்று என்று உரை சொல்லும். நானும் அவ்வளவோடுதான் நிறுத்துவேன். கடற்றொழில் செய்யும் வீட்டுப் பையன் ஒருவன், வகுப்பில் வாய் திறவாதவன், அன்று எழுந்தான்.

"சேர், கொண்டலுக்கு ஒரு கடல், கச்சானுக்கு ஒரு கடல்" என்று தொடங்கினான்.

கச்சானும் சோளகமும் வீசும் காலத்தில் தீவின் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது தொழில் வடகடலில்; வாடை பிறந்தால் வள்ளங்களும் வாடிகளும் தென்கரைக்கு மாறும்; இடையிலே கொண்டல் தொட்டால் வலையை எப்படி இறக்குவது என்று கால் மணி நேரம் விளக்கினான். மற்றப் பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

இறுதியாக, அம்மா. என் மனைவி வேலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்குமாக ஓடிக்கொண்டிருந்த அந்நாட்களில், பகல் முழுவதும் என் கட்டிலருகே இருந்தவர் அம்மாதான். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின், மன்னாரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேசுவரம் போனார்கள். அவர்களில் நாங்களும் இருந்தோம். அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு மூன்று. மண்டபம் முகாமில் தங்கினோம். ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது. அங்கிருந்து ஒருநாள் இராமேசுவரத்துக் கரையில் நின்று, "சம்பந்தரும் சுந்தரரும் இந்தக் கரையில் நின்றுதான் எங்கட கேதீச்சரத்தைப் பாடினவை" என்று அம்மா கிழக்கே காட்டினார். நிலம் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது.

அந்தப் படகுப் பயணத்தில் என் புத்தகப்பை கடலில் விழுந்துபோனது. அப்படித்தான் நான் அறிந்திருந்தேன். மாசி மாதப் பகலொன்றில், கால் நோவைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று சொன்னார்:

"அது விழயில்லை தம்பி. நான்தான் எறிஞ்சனான்."

படகுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. பாரத்தைக் குறையுங்கள் என்று ஓட்டி கத்தியிருக்கிறார். ஒரு கையில் தங்கை, மறு கையில் பால்மாப் பெட்டியும் என் புத்தகப்பையும். நான் நித்திரை. பையை எறிந்துவிட்டு, விடிந்தபின் விழுந்துவிட்டதென்று சொல்லியிருக்கிறார். "நீ வாத்தியாரா வந்த பிறகு சொல்ல இன்னும் கஷ்டமாப் போச்சு" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிமுடித்தபின் அம்மா எழுந்து போய் எனக்குத் தேநீர் வைத்துவந்தார். அன்று முழுவதும் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். மறுநாள் முதல் மகள் ஓர் அப்பியாசக் கொப்பியோடு வந்து அப்பம்மாவின் அருகில் அமர்ந்தாள். இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது.

நேயர்களே, கேள்வி கேட்பவனுக்குத் துணை என்று வள்ளுவர் சொன்னார். சொல்பவருக்கும் அது துணையாகும் என்பதை அந்தப் பகலில் நான் கண்டேன். கேட்க ஒருவர் ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் போதும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்த பாரத்தையும் ஒருவர் இறக்கி வைக்கலாம். எங்கள் வீடுகளில் அத்தகைய பாரங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைச் சுமப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. நாமோ எந்நேரமும் எங்கேயாவது புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் மீண்டும் கல்லூரிக்குப் போகிறேன். மழை நாட்களில் கால் சற்று உளைகிறது. படியேறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. நாற்பது நிமிடப் பாடத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை இப்போது பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறேன். அவர்கள் பேச, நான் கதிரையில் இருந்து கேட்கிறேன். பாடத்திட்டம் முடியுமா என்று சக ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். இதுவரை முடிந்துதான் வருகிறது.