வயது முதிர்ந்த குதிரைக்கு எந்த ஊசி வேண்டும்?

(ஐக்கிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடும் தினத்தில் ஊரே திரண்டு வருகிறது. அதே ஊரில் ஒரு குதிரை இருந்தால் அதை ஓட்டிவர எவருக்கும் தோன்றுவதில்லை. அது பதினெட்டு வயதைக் கடந்ததாயின் அதன் சொந்தக்காரரே, "கிழக் குதிரைக்கு ஊசி எதற்கு? இன்னும் எத்தனை நாள் இருக்கப்போகிறது?" என்று சொல்லிவிடுகிறார். இந்த வார்த்தை சரிதானா என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நல்ல தீனியும் அளவான வேலையும் பெற்ற குதிரை 25 வயதுக்கு மேலும் ஜீவித்திருக்கக்கூடும். உதகையிலும் கொடைக்கானலிலும் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரை, பதினெட்டு வயதிலும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். அது ஒரு வாரத்தில் மாண்டுபோனால் வரும்படி நின்றுவிடும். அதன்பேரில் வாங்கிய கடன் மாத்திரம் நிற்காது.

வயதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். விற்றவர் சொன்ன வயதை நம்ப வேண்டியதில்லை. மேல்வரிசை முன்பற்களில் இரு ஓரங்களிலும் உள்ள பல்லைப் பார்த்தால், ஏறக்குறைய பத்தாவது வயதில் ஈறின் அருகே ஒரு பள்ளக்கோடு தோன்றியிருக்கும். பதினைந்தில் அது பாதிப் பல்லுக்கு இறங்கும். இருபதில் பல்லின் நுனியை எட்டும். இது உத்தேசக் கணக்கே. ஆயினும் வாய்ச்சொல்லைவிட மேலானது.

இனி ஊசிகளைப் பற்றிச் சொல்லப்படும். எல்லா ஊசியும் எல்லாக் குதிரைக்கும் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஊசிகளை எந்த வயதிலும் நிறுத்தலாகாது.

முதலாவது, ரணஜன்னி ஊசி. இந்நோயின் வித்துக்கள் மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். குளம்பில் ஏறிய ஆணி, லாடம் அடிக்கும்போது உண்டான காயம், சேணம் உராய்ந்த புண் ஆகிய இவற்றில் ஏதாவதொன்று போதும். வீட்டுப் பிராணிகள் யாவற்றிலும் இந்த விஷத்துக்கு மிக எளிதில் இரையாவது குதிரையே. நடை விறைக்கும், வால் தூக்கி நிற்கும், கண்ணின் உள்மூலையிலுள்ள ஜவ்வு கண்ணின்மேல் படரும், பிறகு தாடை பூட்டிக்கொள்ள, தீனி எதிரில் இருந்தும் தின்ன முடியாமல் நிற்கும். அவ்வாறு ஆனபின் பிழைப்பவை சிலவே. இதைத் தடுக்கும் மருந்துக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு தேசத்து மிருக வைத்தியராகிய காஸ்டன் ராமோன். விஷத்தின் கொடுமையைப் போக்கி, அதன் தடுக்கும் சக்தியை மட்டும் நிறுத்திக்கொள்ளும் முறையை அவர் 1920-ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தார். முன்பு ஊசி போடாத குதிரைக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசிகளும், பின்னர் வருஷத்துக்கு ஒன்றும் போட வேண்டும். விலைக்கு வாங்கிய கிழக் குதிரைக்கு முன்கணக்கு இல்லையானால், ஊசியே போடாததாகக் கருதி ஆரம்பத்திலிருந்து தொடங்குவதே முறை.

இரண்டாவது, வெறிநாய்க்கடி ஊசி. தெருநாய் இல்லாத ஊர் ஏது? இந்நோயின் குறி தோன்றிய பின்பு குதிரைக்கு மருந்தில்லை. அதுவுமன்றி, வெறிகொண்ட குதிரையின் வாயில் கைவிட்டுப் பார்ப்பவர் அதன் சொந்தக்காரர்தான். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறதென்று கைவிட்டு, தம் உயிருக்கே அபாயம் தேடிக்கொள்ளக்கூடும். ஆகையால் இந்த ஊசி குதிரைக்கு மட்டுமன்று, குடும்பத்துக்கும் காவல். நாய் கடித்துவிட்டால் புண்ணைச் சவுக்காரமும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, ஊசி போட்ட குதிரையாயினும் உடனே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மற்ற ஊசிகளைக் குதிரை போகும் இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். குதிரைகளுக்கு வரும் இன்புளுயன்ஸா இருமலினால் பரவுவது. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டிலும், மறுபடி 2008-09-ஆம் ஆண்டுகளிலும் அது பரவிற்று. 2008-ல் ஜம்முப் பகுதியிலுள்ள கத்ராவில் முதலில் தோன்றி, வெளி ராஜ்யங்களுக்கும் சென்றது. வீட்டைவிட்டு நகராமல், வேறு குதிரையின் முகத்தையும் பாராத கிழக் குதிரைக்கு இந்த அபாயம் சொற்பம். அந்தியூரில் ஆடி மாதத்தில் நடைபெறும் குருநாதசுவாமி திருவிழாச் சந்தைக்குப் போகும் குதிரைக்கோ, பல ஊர்க் குதிரைகளோடு ஒரே வரிசையில் நிற்கும் சவாரிக் குதிரைக்கோ அபாயம் அதிகம். வயது ஏற ஏற இந்த ஊசியினால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குறைவாகவே எழும்புகிறது. ஆதலால் சந்தைக்கு முதல்நாள் போடும் ஊசியால் பயனில்லை. வைகாசியில் முதல் ஊசியும் ஆனியில் இரண்டாவது ஊசியும் போட்டு முடித்திருந்தால் ஆடியில் தைரியமாகப் போகலாம். மருந்து கிடைக்கும் இடத்தை மிருக வைத்தியரிடம் சித்திரையிலேயே விசாரித்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் அச்சிட்ட புத்தகங்களில் கொசுவினால் வரும் மூளைக்காய்ச்சலுக்கென்று சில ஊசிகள் அவசியமானவையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றிற் சில அந்தக் கண்டத்து நோய்களுக்கானவை. அந்த ஜாபிதாவை அப்படியே பின்பற்றிப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. ஊசியே இல்லாத நோய்களும் உண்டு. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் மனிதரையும் பற்றும். அதற்கு ஊசி இல்லை, இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. ஈக்கடியால் பரவும் ஸர்ரா நோய்க்கும் தடுப்பூசி இல்லை. இவற்றுக்கு ஊசி என்று சொல்லி விற்பவரிடம் ஏமாறலாகாது.

கிழக் குதிரையின் தேகநிலையையும் கவனிக்க வேண்டும். காய்ச்சலாயிருக்கும் நாளிலும், வெகுதூரம் ஓடிக் களைத்த நாளிலும் ஊசி போடலாகாது. பல் தேய்ந்து தீனியை அரைக்க முடியாததற்கும், வயிற்றுப் புழுவால் மெலிந்ததற்கும் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். கோடையிலும் உதிராமல் ரோமம் நீண்டு சுருண்டிருப்பதும், அதிகமாக நீர் குடிப்பதும், அடிக்கடி குளம்பு நொந்து நொண்டுவதும் முதுமையில் வரும் ஒரு சுரப்பி நோயின் குறிகளாகும். அத்தகைய குதிரையைத் தொற்றுநோய் எளிதில் பற்றுமாதலால் வைத்தியரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சிறிது வீக்கமும் ஓரிரு நாள் சோர்வும் காணலாம். அந்நாட்களில் வண்டியில் பூட்டாமல் ஓய்வு கொடுக்க வேண்டும். வீக்கம் பெருகினாலும் குதிரை தீனியை விட்டாலும் தாமதியாமல் வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவை யாவற்றையும் தனியொருவர் செய்வது கஷ்டம். சங்கம் செய்வது சுலபம். மருந்து குளிர்ச்சியில் வைத்துக் கொண்டுவரப்பட வேண்டியது. ஒரு குதிரைக்காக ஐஸ் பெட்டியுடன் வைத்தியரை அழைப்பதைவிட, அக்கம்பக்கத்து நான்கு ஊர்க் குதிரைகளையும் ஒரே நாளில் சேர்த்தால் செலவு பங்காகும். கடன் கணக்குப் புஸ்தகத்துக்கு அருகில் மற்றொரு புஸ்தகமும் இருக்கட்டும். அதில் குதிரையின் அடையாளம், வயது, போட்ட ஊசி, தேதி, அடுத்த ஊசிக்குரிய தேதி ஆகிய ஐந்தையும் எழுதி வைத்தால், குதிரை கைமாறும்போது வாங்குபவரும் பயனடைவார்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கப்போகிறது?" என்று கேட்பவருக்கு ஒரே பதில்தான் உண்டு. எத்தனை நாள் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் ஓர் ஆணிக் காயம் அந்த நாட்களை ஒரு வாரமாகக் குறைத்துவிடாமல் காப்பது அவர் கையில் இருக்கிறது. பத்து வருஷம் வண்டியிழுத்த பிராணிக்கு அந்த அளவேனும் செய்வது சொந்தக்காரரின் கடமை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, குதிரை வைத்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் அதன் ஓரப்பல்லைப் பார்த்து வயதைக் குறித்துக்கொண்டு வருவாராக.