பொருத்தம் வளர்வது



ஏற்ற பணிக்கும் உடன் பணியாற்றுவோர்க்கும் ஒருவர் பொருந்தியவரா என்பதை எப்போது அறியலாம்? முதல் மாதத்திலேயே இளைஞர் சிலர் 'இது எனக்கேற்ற இடமன்று' என விலகுகின்றனர். 'இவர் நமக்கு ஏற்றவரல்லர்' எனக் குழுவினரும் விரைந்து தீர்ப்பளிக்கின்றனர். இரண்டும் பதற்றத்தின் விளைவுகளே. இதற்குத் தமிழ்ச் சமணர் பங்குகொண்ட வரலாறு ஒன்றே சான்றாகும்.

1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் பணிக்கு உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். ஐயருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். திருவாவடுதுறை மடத்தில் புலமை வளர்த்தவர். ஆசிரியப் பணிக்கு அவர் முற்றும் பொருந்தியவரே.

அவ்வாண்டிலேயே முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரை வினவினார். ஐயர் அதனைப் படித்திருக்கவில்லை. முதலியார் அளித்த பிரதியை எடுத்துப் படித்தபோது, புராணங்களிலும் பிரபந்தங்களிலும் தோய்ந்த புலமை போதவில்லை. சமண சமயக் கருத்துகள் விளங்காமல் தடுத்தன. நேற்றுவரை பொருந்தியிருந்தவர் புதிய பணியின் முன் மாணாக்கரானார்.

ஐயர் அந்நூலை ஒதுக்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள், சைவ மடத்தில் வளர்ந்தவர் என்று அவரை விலக்காமல், ஐயங்களை மனமுவந்து தீர்த்துவைத்தனர். 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி முழுமையாக அச்சேறியது. அப்பொருத்தம் முதிர ஏழாண்டுகள் ஆயின.

இவ்வரலாற்றில் மூவர் கடமை விளங்குகிறது. புதிதாய் வருபவர் தமக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டு கேட்டறிதல் வேண்டும். முன்பே இருப்பவர் அறிந்ததை மறைக்காமல் வழங்குதல் வேண்டும். மூத்தவர் தக்க காலத்தில் இடம் விட்டு, தக்கவரை அங்கே அமர்த்துதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பணி நலியும்.

அலுவலகத்திற்கு மட்டுமன்று, ஆலயப் பணிக்கும் அறக்கட்டளைக்கும் இது பொருந்தும். பல்லாண்டுகள் பொறுப்பு வகித்த பெரியவர், கணக்கேட்டையும் பூசை முறையையும் இளையவர்க்குக் கற்பித்தாரா? கற்பிக்காமல், 'இக்காலத்து இளைஞர்க்கு ஈடுபாடு இல்லை' என வருந்துதல் முறையாகுமா? கூட்டத்திற்கு ஒருமுறை வந்து, குறை கண்டு, மறுமுறை வாராத இளைஞரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பொருத்தம் பிறவியில் வாய்ப்பதன்று. பொறுமையும் கொடையும் சேர்ந்து வளர்ப்பது. இவ்விழா நாளில் ஒவ்வொரு மூத்தவரும் ஓர் இளையவரை அருகழைத்து, ஒரு பணியைக் கையளிப்பாராக.